கூழனுக்கு விரதம் இல்லை

தவில் அடிப்பவரின் வலக்கை விரல்களில் வெள்ளையாகத் தெரிகிறதே, அந்தக் கூடு கடையில் விற்கிற சாமான் அல்ல. பழைய வேட்டியைக் கீலம் கீலமாகக் கிழித்து, கோதுமை மாவைக் கூழாகக் காய்ச்சி, பூசிப் பூசிச் சுற்றி, சுளகில் வைத்து வெயிலில் காயவிட வேண்டும். காய்ந்தால் கல்லுப் போல இறுகிவிடும். பெரும்பாலான தவில்காரர் இதைத் தாங்களே செய்துகொள்வார்கள். அளவெட்டிப் பஞ்சலிங்கத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. கலியாணம் முடித்த புதிதில் ஒருநாள் அவருடைய மனைவி உதயகலா உதவிக்கென்று பக்கத்தில் குந்தினாள். அன்றோடு வேலை முழுக்க அவள் தலையில் விழுந்தது.

ஆடி பிறந்து கோயில்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கொடியேறத் தொடங்கிய காலம். பஞ்சலிங்கத்துக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்த நேரம் பார்த்து, சுளகில் காயப் போட்ட கூடுகள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் ஒன்று போனது. எலி என்று நினைத்து உதயகலா பொறி வைத்தாள். அடுத்து இரண்டு போயின, பொறியில் வைத்த தேங்காய்ச் சொட்டு அப்படியே கிடந்தது. மூன்றாம் தரம் அவள் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தாள். கள்ளன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். அவளே பால் ஊற்றி வளர்த்த பூனைக்குட்டி, சுளகின் நடுவில் உட்கார்ந்து ஒரு கூட்டை முன்னங்கால்களால் அமத்திப் பிடித்துக் கடைவாயால் கடித்துக்கொண்டிருந்தது.

குட்டி வந்ததே தவிலோடுதான். ஒரு திருவிழா முடிந்து வான் வண்டியிலிருந்து சாமான்களை இறக்கும்போது தவில் உறைக்குள் ஏதோ அசைந்தது. பஞ்சலிங்கம் பாம்பென்று நினைத்து உறையைக் கீழே போட்டுவிட்டார். உள்ளங்கையளவு மஞ்சள் குட்டியொன்று வெளியே வந்து அவரைப் பார்த்துக் கத்தியது. எந்த ஊர்க் கோயிலில் ஏறியதென்று தெரியாது. தாயிடம் பால் குடித்து முடித்த குட்டியாகவும் தெரியவில்லை. "உதைக் கொண்டுபோய்ச் சந்தையடியிலை விடும்," என்றார் பஞ்சலிங்கம். உதயகலா ஓம் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் கொண்டுபோனாள். அவள் ஓம் என்று சொன்னால் செய்யமாட்டாள் என்பது அவருக்கும் தெரியும். மகள் கோபிகா மட்டக்களப்பில் பல்கலைக்கழகம் படிக்கிறாள். வீட்டில் இரண்டே பேர், அதிலும் ஒருவர் முக்கால்வாசி நேரம் கோயிலில். ஒரு குட்டி இருந்தால் என்ன குறைந்துபோகும் என்று அவள் நினைத்தாள்.

சிக்கல் சாப்பாட்டில் இருந்தது. கோயிலில் மேளம் சேவிக்கிற வீடு. முதல் கொடி ஏறுகிறதற்கு முன்பே சட்டி பானையெல்லாம் உமியும் சாம்பலும் போட்டு மினுக்கிவிடுவார்கள். கடைசித் தேர் இருப்புக்கு வரும்வரை மச்சம் வாசல் படலை தாண்டாது. மீன் மட்டுமல்ல, முட்டையும் மச்சம்தான். பஞ்சலிங்கம் இதில் சுத்தமான ஆள். கருவாட்டுக் கடைக்கு முன்னால் சைக்கிளில் போனால்கூட மூச்சை அடக்கிக்கொண்டு மிதிக்கிறவர். ஆகவே குட்டிக்கும் சைவம் என்று ஆயிற்று. பாற்சோறு, பருப்பும் சோறும், காலையில் மிஞ்சினால் புட்டும் பாலும். வீட்டில் எல்லோரும் விரதம் என்றால் பூனையும் விரதம். இதை யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று உதயகலா எடுத்துக்கொண்டாள்.

குட்டி பாலை நக்கும், சோற்றைத் தள்ளிவிடும். சோற்றைத் தள்ளிவிட்டுப் போய் வீட்டில் உள்ளதையெல்லாம் தின்னும். விளக்குத் திரியைத் தின்றது. தரை துடைக்கிற தும்புத்தடியின் நூலை இழுத்து இழுத்து விழுங்கியது. சுவரில் பெயர்ந்து நின்ற சுண்ணாம்பை நக்கியது. எல்லாவற்றிலும் அதற்குப் பிடித்தது கூடு காய்ச்சும் கூழ்தான். கூழ்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினால் எங்கிருந்தாலும் வந்துவிடும். உதயகலா சுட்டுவிரலில் கொஞ்சம் தொட்டு நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டு நக்கும். அதனால்தான் கூழன் என்று பெயர் வைத்தாள். செல்லம் கொடுத்துக் கெடுத்தது அவள்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை.

கூடுகள் போன அன்று பஞ்சலிங்கம் பழைய, ஆடுகிற கூட்டைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு வந்தார். நடுவிரல் கொப்பளித்திருந்தது. கொப்பளத்தைக் காட்டிக்கொண்டு, "இண்டைக்கு எல்லாரும் என்ரை கையைத்தான் பாத்தவை. இந்தப் பூனை இஞ்சை இருந்தால் நான் இருக்கேலாது," என்றார். உதயகலா வெந்நீரில் உப்புப் போட்டு அவர் கையைக் கழுவிவிட்டாள். பூனையும் இருந்தது, அவரும் இருந்தார்.

அந்தக் கிழமை குட்டியின் வயிறு உப்பியது. முதுகெலும்பு வெளியில் தெரிந்தது. விடியப்புறம் கிணற்றடியில் ஓங்காளித்து ஓங்காளித்து ஒரு துணிச் சுருளை வெளியே தள்ளிவிட்டு அப்படியே படுத்துவிட்டது. உதயகலா அதை ஒரு கடகத்தில் வைத்து, மேலே துவாயால் மூடி, பஸ் பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனாள். அங்கே ஆரணி என்று ஒரு இளம் டொக்டர். வயிற்றை மெல்ல அமத்திப் பார்த்தாள், வாயைத் திறந்து பல்முரசைப் பார்த்தாள்.

"என்ன சாப்பாடு குடுக்கிறீங்கள் அன்ரி?"

"சோறு, பருப்பு, பால்."

"மீன்?"

"கொடியேறியிருக்கு டொக்டர். தேர் முடியத்தான்."

டொக்டர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "விரதம் உங்களுக்கு அன்ரி. பூனைக்கு விரதம் இல்லை. சோறு பருப்பிலை இது உயிர் வாழாது. உடம்புக்கு வேண்டியது கிடைக்காமல்தான் கண்டதையும் திண்டு பாக்குது. துணி இந்த முறை வெளியிலை வந்திட்டுது, அடுத்த முறை குடலுக்குள்ளை சிக்கினால் ஆள் முடிஞ்சுது. மீனோ இறைச்சியோ முட்டையோ, இண்டையிலையிருந்து குடுங்கோ."

"பைக்கற்றிலை வாற பூனைச் சாப்பாடு..."

"அதுவும் மீன்தானே."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் உதயகலாவுக்கு ஒரே யோசனை. அவரிடம் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும் என்று நினைத்தாள். ஏனென்றால் அவள் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

கோபிகா பிறந்து, துடக்குக் கழிந்து, பஞ்சலிங்கம் திரும்பவும் கோயிலுக்கு வாசிக்கப் போகத் தொடங்கிய நேரம் அது. உதயகலாவுக்குக் கடும் காய்ச்சல் வந்து மாறியது, மாறியபோது பாலும் குறைந்துவிட்டது. பிள்ளை குடித்துவிட்டுக் குடித்துவிட்டு அழும். யாழ்ப்பாணத்தில் பால் குறைந்த தாய்க்கு என்ன கொடுப்பார்கள் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பால்சுறா வறை, சுறாமீனை அவித்து உதிர்த்து வறுத்தது. அச்சுவேலியிலிருந்து அவளுடைய அம்மா விடியச் சந்தையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து படலையில் நின்றா. "இஞ்சாருங்கோ, இந்த ஒருக்கால் மட்டும். கொல்லைப்பக்கம் வைச்சுச் சமைக்கட்டும்," என்று உதயகலா கேட்டாள். "குறை நினையாதையுங்கோ மாமி, கொடியேறி நிக்குது. தேர் முடிய நானே வாங்கித் தாறன்," என்று பஞ்சலிங்கம் மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா திரும்பிப் போனா. தேர் முடிகிறதற்குள் பால் நின்றுவிட்டது. பிள்ளை போத்தலில் கரைத்த ரின் மாப்பாலில் வளர்ந்தது. நன்றாகத்தான் வளர்ந்தது, இன்றைக்குத் தகப்பனை விட ஒரு விரற்கடை உயரம். ஆனால் அந்த நாட்களில் பிள்ளை போத்தலைத் தட்டிவிட்டு அவள் சட்டையைப் பிடித்து இழுத்ததை உதயகலா ஒருநாளும் மறக்கவில்லை. அதைப் பற்றி அவள் அவரிடம் திரும்பக் கதைக்கவுமில்லை. அன்றோடு அவரிடம் ஒன்றும் கேட்கிறதில்லை என்று ஒரு முடிவு. ஓம் என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டில் செய்வாள், கேட்கமாட்டாள்.

ஆகவே இப்போதும் கேட்கவில்லை. கடகத்தோடு நேரே பக்கத்து வீட்டு மக்டலீனிடம் போனாள். மக்டலீன் வேதக்காரி, அறுபது தாண்டிய, வாய்க்கொழுப்புள்ள, நல்ல மனுசி. விசயத்தைக் கேட்டுவிட்டு நாயைக் கட்டினாள், மத்தியானக் குழம்புக்கு வைத்திருந்த விளைமீனில் ஒரு துண்டை அவித்து, முள்ளெடுத்து, குட்டிக்கு முன்னால் வைத்தாள்.

கூழன் மூக்கால் மணந்து பார்த்தது. பின்னுக்குப் போனது. பிறகு, தன் பீயை மண்ணால் மூடுகிற அதே கவனத்தோடு, காலால் மண்ணைத் தள்ளி மீனை மூடத் தொடங்கியது.

மக்டலீனுக்கு முகம் கறுத்துவிட்டது. "விளைமீன், பிள்ளை. வெளிநாட்டிலை இருந்து வாறவை கேட்டு அலையிற விளைமீன். உவர் மூடுறார்."

மீனைச் சாப்பாடென்று அதற்குத் தெரியவில்லை. தாய் காட்டவில்லை, உதயகலா வீட்டிலும் காட்டவில்லை. சாப்பாடு என்றால் அதற்கு ஒரு விரலும் அதில் ஒட்டிய கூழும்தான். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்த உதயகலா வீட்டுக்குப் போய், அவர் கழித்துப் போட்ட பழைய கூடொன்றைத் தன் சுட்டுவிரலில் மாட்டி, கூழும் எடுத்துக்கொண்டு வந்தாள். மீனைப் பசையாக மசித்துக் கூழோடு குழைத்துக் கூட்டின் நுனியில் பூசி நீட்டினாள். கூழன் மணந்தது, யோசித்தது, ஒரு நக்கு நக்கியது. பிறகு நிற்கவில்லை.

அன்றிலிருந்து பஞ்சலிங்கம் கோயிலுக்குப் போனதும் உதயகலா குட்டியைத் தூக்கிக்கொண்டு மக்டலீன் வீட்டுக்குப் போவாள். ஒவ்வொரு நாளும் கூழைக் கொஞ்சம் குறைத்து மீனைக் கொஞ்சம் கூட்டினாள். அவசரப்பட்டால் கூழன் கண்டுபிடித்துவிடும், கூட்டை நக்கிப் பார்த்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்க்கும். மீன் கலந்த கூழை விட்டுக் கூழ் தொட்ட மீனுக்கு அது வந்தது. தட்டில் வைத்தால் மட்டும் இன்னும் மூடத்தான் பார்த்தது. கூடு வேண்டும், விரல் வேண்டும். வயிறு வடிந்தது, மயிர் படிந்தது, தும்பு நூலை மறந்தது. விரலால் ஊட்டித் தீத்தி முடித்ததும் குட்டியின் வாயை ஈரத் துணியால் துடைத்து, வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் வார்த்து முழுகிவிட்டுத்தான் உதயகலா குசினிக்குள் காலெடுத்து வைப்பாள். அடிக்கடி முழுகித் தடிமன் பிடித்தது. "ஏன் இப்ப எந்த நேரமும் கிணத்தடியிலை நிக்கிறீர்?" என்று பஞ்சலிங்கம் கேட்டார். "வெக்கை," என்றாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்க, ஆவணியில் மடு மாதா திருவிழா வந்தது. மக்டலீன் குடும்பத்தோடு வான் பிடித்துப் போனால் கூடாரம் அடித்துத் தங்கிப் பெருவிழாப் பூசை கண்டுவிட்டுத்தான் திரும்புவாள். நாயைக் காவலுக்கு அவிழ்த்துவிட்டுப் படலையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். முதல் நாள் கூழன் பூட்டிய படலையைப் பார்த்துக்கொண்டு தெரு ஒழுங்கையில் இருந்தது. பாற்சோற்றைத் தொடவில்லை. அடுத்த நாள் காலை தும்புத்தடிக்குப் பக்கத்தில் நூலை வாயில் வைத்துக்கொண்டு நின்றதை உதயகலா கண்டாள். வாய்க்குள் விரலை விட்டு நூலை இழுத்து எடுத்தாள். மிச்சம் எவ்வளவு உள்ளே போனதென்று யார் கண்டது? அவளுக்குப் பயமாக இருந்தது, அந்தப் பயத்தோடு ஒரு கோபமும் வந்தது. ஒரு பிள்ளைக்குப் பாலில்லாமல் காத்திருந்தது போதும் என்று நினைத்தாள்.

பெரிய றோட்டுக்கு நடந்துபோய், தெரிந்தவர் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கொஞ்சம் சூடை மீன் வாங்கி, முருங்கையிலைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். கொல்லையில் வேலியோரம் மூன்று கல்லு வைத்து, கழித்துப் போட்ட சட்டியொன்றில் அவித்தாள். குட்டியை மடியில் வைத்து, கூட்டை விரலில் மாட்டித் தீத்தத் தொடங்கினாள்.

மத்தியானப் பூசை முடிந்தால் பஞ்சலிங்கம் கோயில் அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகத்தான் வருவார். அன்று தலையிடி என்று சாப்பிடாமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். முற்றத்தில் நின்று மூக்கை உயர்த்தினார். மணத்தைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார்.

"என்ன மணம் இது?"

"மீன்," என்றாள் உதயகலா. எழும்பவில்லை.

அவர் சத்தம் போடத்தான் வாயைத் திறந்தார். ஆனால் தன்னுடைய கூடு அவள் விரலில் இருந்ததும், அந்தக் கூட்டைக் குட்டி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நக்கியதும் அவரைக் குழப்பிவிட்டது.

"உது இல்லாட்டி என்ன செய்யும்?"

"செத்துப்போகும். டொக்டர் சொன்னவ."

பஞ்சலிங்கம் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். குரல் இறங்கிவிட்டது. "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்தானே? வாயில்லாச் சீவன். கொல்லையிலை வைச்சுச் சமைக்க நான் என்ன, வேண்டாம் எண்டே சொல்லப்போறன்?"

உதயகலாவின் விரல் அப்படியே நின்றது. இத்தனை வருசமாக அவள் மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்த பதில்கள் இருந்தன. வந்தது ஒரு சொல்தான்.

"கேட்டனான்," என்றாள்.

"எப்ப?"

"கோபிகா கைப்பிள்ளையா இருக்கேக்கை. அம்மா பால்சுறாவோடை படலையிலை நிண்டவ. கொல்லையிலை வைச்சுச் சமைக்கட்டும் எண்டு கேட்டனான்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையிலேயே தேடினார். "அப்பிடி ஒண்டு நடந்ததே?"

அதுதான் அவளைச் சுட்டது. அவருக்குத் தெரியும், வெட்கத்தில் கதைக்காமல் இருக்கிறார் என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அவரிடம் அந்த நாளே இல்லை. அவள் ஒருத்திதான் அதை வைத்திருந்திருக்கிறாள். குட்டியை மடியிலிருந்து இறக்காமல், குரலை உயர்த்தாமல், முழுக்கச் சொன்னாள். காய்ச்சல், பால் நின்றது, பிள்ளை போத்தலைத் தட்டிவிட்டது, எல்லாம்.

"அவளுக்கும் அப்ப வாயில்லை," என்றாள் கடைசியில். "எனக்கு இருந்தது. கேட்டனான்."

பஞ்சலிங்கம் கிணற்றடிக்குப் போய் முழுகினார். பின்னேரம் கோயிலுக்குப் போய் வாசித்தார். வந்து படுத்தார். சொல்லிவிட்டால் மனம் ஆறும் என்பார்கள். உதயகலாவுக்கு ஆறவில்லை, இன்னும் கூடத்தான் கோபம் வந்தது.

மறுநாள் காலை, மீன் விற்கிற நிருஷனின் மோட்டார்ச் சைக்கிள் ஹோண் சத்தம் ஒழுங்கையில் கேட்டது. திருவிழாக் காலத்தில் அவன் அந்த வீட்டுப் படலையை நிமிர்ந்தும் பார்க்கமாட்டான். அன்று பஞ்சலிங்கம் திருநீற்றுப் பூச்சோடு படலையில் நின்று கையைக் காட்டி மறித்தார். உதயகலா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"பால்சுறா இருக்கோ?"

நிருஷன் அவரை மேலும் கீழும் பார்த்தான். எதிர்வீட்டு ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள். "என்னண்ணை, கொடியேறி நிக்கேக்கை? வீட்டிலை ஆர் பிள்ளை பெத்தவை?"

"இவதான்," என்றார் பஞ்சலிங்கம், ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரி. "கோபிகாவைப் பெத்த நேரம் நான் வாங்க விடேல்லை."

நிருஷன் தராசை எடுத்தான். நிறுத்துக் கொடுத்தான். உதயகலா விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றாள். கோபம் போய்விடவில்லை, ஆனால் கூட்டுகிறதை மறந்துவிட்டாள்.

அவர் மீன் பையைக் கொல்லை வழியால் கொண்டுபோகவில்லை. படலையால் வந்து, முற்றத்தால் நடந்து, அவள் கையில் கொடுத்தார்.

"நான் விரதம்," என்றாள் அவள். "இப்ப எனக்கு என்னத்துக்கு உது?"

"தெரியும்."

அவள் அதைக் கொல்லைக்குக் கொண்டுபோய் அவித்தாள். உரித்து, முள்ளெடுத்து, மசித்தாள். சுறா வாசத்துக்குக் கூழன் கால்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. பஞ்சலிங்கமும் வந்து, வேட்டியை மடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். கூட்டை வாங்கித் தன் விரலில் மாட்டினார். அவருடைய அளவுக்குச் செய்த கூடு, சரியாக உட்கார்ந்தது. அவள் மீனை அதன் நுனியில் பூசிவிட்டாள்.

"இன்னும் கோவமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார் போல. தலையைக் குனிந்துகொண்டார். எழும்பிப் போகவில்லை.

"குறையுமோ?"

"தெரியாது," என்றாள் உதயகலா. "கையை நீட்டுங்கோ. பூனை பாத்துக்கொண்டு நிக்குது."